சீருடையைக் கழற்றும் முன்பே: ஆயுதப் படையிலிருந்து வெளியேறுவோர் வேலை தேட ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசிய ஆயுதப் படையில் 21 ஆண்டு பணியாற்றிப் பென்ஷனோடு வெளியேறும் சிப்பாய்க்கோ சார்ஜனுக்கோ பெரும்பாலும் நாற்பது வயதுதான் ஆகியிருக்கும். பிள்ளைகள் இடைநிலைப் பள்ளியில் இருப்பார்கள். வீட்டுக் கடனும் பாதியில் நிற்கும். இன்னும் இருபது ஆண்டாவது உழைத்தாக வேண்டும்.

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இப்படி வெளியே வரும் நம்மவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பவும் சுயவிவரம் எழுதவும் நேர்காணலுக்குத் தயாராகவும் உதவி வருகிறேன். இவர்களிடம் திறமைக்குப் பஞ்சமில்லை. தடுமாற வைப்பது வரிசைதான். நண்பர் சேர்ந்தார் என்று ஒரு பயிற்சியில் சேருகிறார்கள், பிறகு அதற்கேற்ற வேலையைத் தேடுகிறார்கள், கடைசியில் காகிதங்களைத் தேடி அலைகிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. இரண்டு ஆண்டுக்கு முன்பே தொடங்குங்கள்

வெளியேறும் தேதி உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். அது பெரிய வசதி. தனியார் நிறுவனத்தில் ஆட்குறைப்புக்கு ஆளாகிறவருக்கு இந்த அவகாசம் கிடைப்பதில்லை. ஆனால் ஆட்குறைப்புக்கு ஆளானவருக்கு வேலையின்மைக் காப்புறுதித் திட்டம் சில மாதம் கைகொடுக்கும். படைவீரர் அந்தத் திட்டத்தில் சந்தாதாரர் அல்லர் என்பதால் உங்களுக்கு அது கிடையாது. அவகாசத்தை வீணாக்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

தொழில் சான்றிதழ்களுக்குத் தேர்வு உண்டு, காத்திருப்பு உண்டு, தோற்றால் மறுபடி எழுதவும் வேண்டும். சம்பளம் வந்துகொண்டிருக்கும்போது தேர்வு எழுதுபவரின் மனநிலையும், சம்பளம் நின்றபின் எழுதுபவரின் மனநிலையும் ஒன்றல்ல.

21 ஆண்டு நிறைவதற்குள் விலக நினைப்பவருக்கு ஒரு வார்த்தை. அதிகாரி அல்லாத படைவீரருக்குப் பென்ஷன் தகுதி அந்த 21 ஆண்டில்தான் வருகிறது. பதினெட்டாம், பத்தொன்பதாம் ஆண்டில் அலுப்பிலோ கோபத்திலோ கடிதம் எழுதும் முன், வாழ்நாள் முழுக்க மாதாமாதம் வரக்கூடிய தொகையை மனைவியோடு உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். வெளியே காத்திருக்கும் வேலை அந்தத் தொகையை ஈடுகட்டுமா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

2. காகிதங்களை முகாமில் இருக்கும்போதே சேருங்கள்

இப்போது எழுத்தர் அடுத்த அறையில் இருக்கிறார். வெளியேறிய பிறகு உங்கள் பிரிவு இடம் மாறும், அதிகாரி மாற்றலாகிப் போவார், ஒரு கடிதத்துக்காக நீங்கள் வாயிற்காவலில் அனுமதி கேட்டு நிற்க வேண்டி வரும்.

சேர்க்க வேண்டியவை: பணிப்பதிவு, படையில் முடித்த ஒவ்வொரு பயிற்சிக்கும் உரிய சான்றிதழ், பதவி உயர்வுக் கடிதங்கள், மருத்துவப் பரிசோதனை அறிக்கை, பதக்கச் சான்றுகள். லெபனானில் ஐ.நா. அமைதிப் படையில் இருந்திருந்தால் அந்தச் சான்றிதழ். ஒவ்வொன்றிலும் உறுதிப்படுத்திய நகல் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் பயிற்சிதானே என்று எதையும் விட்டுவிடாதீர்கள். தீயணைப்பு, முதலுதவி, ஃபோர்க்லிஃப்ட் போன்ற சின்னப் பயிற்சிகளுக்கு வெளியே நல்ல மதிப்பு உண்டு.

உங்கள் கட்டளை அதிகாரியிடம் ஒரு பக்க நற்சான்றுக் கடிதமும் கேட்டு வாங்குங்கள். ஆங்கிலத்தில் இருக்கட்டும். “ஒழுக்கமானவர், கடமை தவறாதவர்” என்று மட்டும் எழுதிய கடிதத்தால் பெரிய பயன் இல்லை. எத்தனை பேரை மேற்பார்த்தீர்கள், எந்த இயந்திரங்களைக் கவனித்தீர்கள் என்று அதில் இருக்க வேண்டும்.

நம் பெயர்களில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வுச் சான்றிதழில் இன்னொன்று, படைப் பதிவில் மூன்றாவது. ஓரிடத்தில் மகன் என்பதைக் குறிக்கும் “அ/லெ” இருக்கும், மற்றோரிடத்தில் இருக்காது. ‘சுப்பிரமணியம்’ என்ற பெயரை ரோமன் எழுத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று எண்ணிப் பாருங்கள். படைக்குள் உங்கள் படை எண் எல்லாவற்றையும் சேர்த்துவிடும். வெளியே அப்படி ஓர் எண் கிடையாது. எல்லாச் சான்றிதழ்களையும் மேசையில் பரப்பிப் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். திருத்தக்கூடியதைத் திருத்துங்கள், முடியாததற்குச் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் ஓர் உறுதிமொழி செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

பணி முடிந்ததும் படைவீரருக்கான மைதெந்தெரா அடையாள அட்டையை ஒப்படைத்துவிட்டு, தேசியப் பதிவிலாகாவில் பொது அடையாள அட்டையான மைகார்டு எடுப்பதே முதல் வேலையாக இருக்கட்டும். வங்கி, ஊழியர் சேமநிதி, ஓட்டுநர் உரிமம் எல்லாம் அதன் பிறகே நகரும்.

3. வேலையைத் தேடும் முன் பணத்தை ஒழுங்கு செய்யுங்கள்

கையில் ஆறு மாதச் செலவு இருப்பவர் நல்ல வேலைக்காகக் காத்திருக்க முடியும். இல்லாதவர் முதலில் வந்ததைப் பிடித்துக்கொள்வார், அதிலேயே தங்கியும் விடுவார். அதனால்தான் இந்தப் படியை இத்தனை முன்னால் வைத்திருக்கிறேன்.

முதலில் வீடு. குடும்பத்தோடு படைக் குடியிருப்பில் இருப்பவர் அதைக் காலி செய்ய வேண்டும். செந்தூல், ஜாலான் ஈப்போ பக்கமோ, பினாங்குத் தீவிலோ வாடகை எவ்வளவு என்று இப்போதே விசாரியுங்கள். வாடகைக்கு மட்டுமின்றி முன்பணத்துக்கும் சேர்த்துப் பணம் வேண்டும்.

அடுத்தது கடன். இதுவரை தவணைகள் சம்பளத்திலேயே பிடிக்கப்பட்டிருக்கும். சம்பளம் நின்றால் பிடித்தமும் நிற்கும், கடன் நிற்காது. ஒவ்வொரு கடனுக்கும் இனி எந்தக் கணக்கிலிருந்து, எந்தத் தேதியில் கட்டப்போகிறீர்கள் என்று கடன் கொடுத்த இடத்திலேயே பேசி எழுதி வாங்குங்கள். சுமை அதிகம் என்றால் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் கீழ் இயங்கும் கடன் ஆலோசனை முகமை ஏ.கே.பி.கே. இலவசமாக ஆலோசனை தருகிறது. தவணை தவறும் முன் போங்கள்.

பிறகு எல்.டி.ஏ.டி. எனப்படும் ஆயுதப் படை நிதி. பென்ஷன் தகுதியோடு வெளியேறுபவருக்கு அவர் செலுத்திய பங்கும் அதற்கான ஈவுத்தொகையும் கிடைக்கும், அரசின் பங்கு ஓய்வூதிய நிதிக்குப் போய்விடும். பென்ஷன் தகுதி இல்லாதவருக்கு இரண்டு பங்கும் வரும். கணக்கு அறிக்கையைப் பார்த்து, உங்கள் கைக்கு வரப்போகும் தொகை எது என்று தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். மொத்தத் தொகையை மனத்தில் வைத்துக்கொண்டு கார் வாங்கத் திட்டமிட்டவர்கள் உண்டு.

இந்த நிதியும் பணிக்கொடையும் வந்த மாதத்தில் உங்களைத் தேடி நிறையப் பேர் வருவார்கள். பழைய தோழர், தூரத்து மாமா, கோயிலில் பழக்கமானவர். மாதம் இத்தனை விழுக்காடு நிச்சயம் என்பார்கள். பேங்க் நெகாராவும் பங்குச் சந்தை ஆணையமும் உரிமமில்லாத நிறுவனங்களின் எச்சரிக்கைப் பட்டியலை வெளியிடுகின்றன. அதைப் பார்க்காமல் ஒரு ரிங்கிட்டும் கொடுக்காதீர்கள். ஆனால் பட்டியலில் பெயர் இல்லை என்பதை மட்டும் நம்பியும் கொடுக்காதீர்கள். பணம் கைமாறிய பிறகு மோசடி என்று தெரிந்தால் உடனே தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 என்ற எண்ணை அழையுங்கள். முதல் ஆறு மாதம் அந்தப் பணம் வங்கியைவிட்டு நகர வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

4. விளம்பரத்திலிருந்து தொழிலைத் தேர்ந்தெடுங்கள்

பயிற்சியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் வேலையைத் தேர்ந்தெடுங்கள். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் வேலைவாய்ப்புத் தளத்தில், நீங்கள் வாழப்போகும் ஊரை மட்டும் குறிப்பிட்டு, உங்கள் படைத் தொழிலுக்கு அருகில் உள்ள வேலை விளம்பரங்களைத் தேடுங்கள். பத்துப் பதினைந்தை அச்சிட்டுக்கொண்டு, எந்தச் சான்றிதழ் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது என்று பேனாவால் வட்டமிடுங்கள். அந்த வட்டங்களே உங்கள் பாடத்திட்டம்.

வாகனப் பிரிவிலிருந்து வருபவருக்கு வழி நேரானது. படையின் ஓட்டுநர் உரிமத்தைச் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பொது உரிமமாக மாற்றுங்கள், பிறகு சரக்கு லோரி ஓட்டுவதற்கான ஜி.டி.எல். தொழில் உரிமம் எடுங்கள். மூன்று டன் லோரியைக் காட்டுப் பாதையில் ஓட்டியவராக இருந்தாலும் ஜி.டி.எல். இல்லாமல் எந்த நிறுவனமும் சாவியைக் கொடுக்காது. நீண்ட காலம் ஓட்டியவர்கள் போக்குவரத்து மேற்பார்வையாளர் வேலைக்கும் விண்ணப்பிக்கலாம். பலருக்கு அது தோன்றுவதே இல்லை.

மின், இயந்திரப் பிரிவினருக்கு நல்ல காலம் இது. எரிசக்தி ஆணையத்தின் சார்ஜ்மேன், அதாவது மின் நிறுவல்களுக்குப் பொறுப்பாளர், தகுதிச் சான்றிதழ் வைத்திருப்பவர்களைத் தொழிற்சாலை, மருத்துவமனை, பேரங்காடி, அடுக்குமாடி அலுவலகம் எல்லாம் தேடுகின்றன. மின்னழுத்த அளவைப் பொறுத்துச் சான்றிதழ் வகைப்படும். விளம்பரங்கள் கேட்கும் வகையைப் பார்த்துவிட்டு அதற்குப் படியுங்கள்.

விமானப்படைத் தொழில்நுட்பர்கள், குறிப்பாகப் பட்டர்வொர்த் தளத்தில் இருப்பவர்கள், சுபாங்கில் உள்ள விமானப் பராமரிப்பு நிறுவனங்களைக் கவனியுங்கள். மலேசியச் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் பராமரிப்பு உரிமம் பெறத் தேர்வுகளும் அனுபவக் காலமும் வேண்டும். ஒரு தேர்வில் முடிகிற காரியம் அல்ல அது. உரிமம் கிடைக்கும் வரை தொழில்நுட்பராகவே உள்ளே நுழையலாம்.

எந்தப் பிரிவில் இருந்தவரும் யோசிக்க வேண்டிய துறை ஒன்று உண்டென்றால், அது தொழிலிடப் பாதுகாப்பு. திருத்தப்பட்ட தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் பாதுகாப்பு, சுகாதார ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்கிறது அது. பாங்கியில் உள்ள தேசியத் தொழிலிடப் பாதுகாப்புக் கழகமான நியோஷ் அதற்கான பயிற்சி தருகிறது. ஒருங்கிணைப்பாளராகத் தொடங்கி, மேற்கொண்டு படித்துத் தேர்வெழுதிப் பாதுகாப்பு அதிகாரியாகலாம். துப்பாக்கிக் களத்தில் பாதுகாப்பு விதிகளை நடைமுறைப்படுத்திய ஒரு சார்ஜனுக்கு இந்த வேலையின் அடிப்படை ஏற்கனவே ரத்தத்தில் ஊறியிருக்கும்.

பாதுகாவலர் வேலையைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். அது மரியாதையான உழைப்பு, எளிதில் கிடைக்கும். ஆனால் பல இடங்களில் 12 மணி நேர ஷிஃப்ட். அதன் பிறகு படிக்கவோ நேர்காணலுக்குப் போகவோ உடலில் தெம்பு இருக்காது. மூன்று மாதத்துக்கு என்று போனவர்கள் பத்து ஆண்டாக அங்கேயே நிற்பது இதனால்தான். பாதுகாப்புத் துறையே உங்கள் விருப்பம் என்றால், கண்காணிப்பு அறை, ஷிஃப்ட் மேற்பார்வை, நிறுவனப் பாதுகாப்பு நிர்வாகி என்ற படிகளைக் குறிவைத்து உள்ளே போங்கள்.

ஊரைப் பற்றியும் யோசியுங்கள். பினாங்கில் பாயான் லெப்பாஸ், பிறை, பத்து காவான் பக்கம் மின்னணுத் தொழிற்சாலைகள் நிறைந்திருக்கின்றன. கருவிப் பராமரிப்பு, கிடங்கு, தரக் கட்டுப்பாடு வேலைகள் அங்கே அதிகம். 1989-இல் தொடங்கிய பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் அந்தத் தொழிற்சாலைகளுக்கு ஏற்ற பயிற்சிகளை நடத்துகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் கட்டட நிர்வாகமும் சரக்குப் போக்குவரத்தும் பாதுகாப்புத் துறையும் பெரியவை.

5. சான்றிதழை அனுபவத்தின் மூலம் பெறுங்கள்

இருபது ஆண்டு எஞ்சினைப் பிரித்துப் பூட்டியவர் மறுபடி முதல் நாள் வகுப்பில் போய் உட்கார வேண்டியதில்லை. திறன் மேம்பாட்டு இலாகாவின் ‘முன் அடைவு அங்கீகாரம்’ என்ற வழியில், சுருக்கமாகப் பி.பி.டி. என்பார்கள், உங்கள் அனுபவத்தைச் சான்றுகளோடு தொகுத்துக் கொடுத்து மதிப்பீட்டுக்கு உட்பட்டால் மலேசியத் திறன் சான்றிதழ், அதாவது எஸ்.கே.எம்., பெறலாம். புகைப்படம், பணிக் குறிப்பு, அதிகாரியின் கையெழுத்து எல்லாம் அந்தத் தொகுப்பில் வேண்டும். இரண்டாம் படியில் சேர்த்த காகிதங்கள் இங்கேதான் உயிர் பெறுகின்றன.

டிப்ளோமாவோ பட்டமோ படிக்க நினைப்பவர், மலேசியத் தகுதி முகமையின் ஏ.பி.இ.எல். வழியாகப் பணி அனுபவத்தைக் காட்டி நுழைவு கேட்கலாம்.

சுங்கை பூலோவில் தலைமையகம் கொண்ட படைவீரர் பயிற்சி அமைப்பான பெர்ஹெபாட், வெளியேறப்போகும் வீரர்களுக்கு மாறுதல் காலப் பயிற்சி தருகிறது. இது அருமையான வாய்ப்பு, பணியின் கடைசிக் காலத்தில் வருவது. அச்சிட்ட விளம்பரங்களைக் கையில் வைத்துக்கொண்டு பயிற்சிப் பட்டியலைப் பாருங்கள். நிறுவனத்தில் இணைந்து வேலை கற்கும் வாய்ப்பு இருந்தால் வகுப்பறைப் பயிற்சியைவிட அதற்கே முதலிடம் கொடுங்கள். முதலாளி உங்கள் கைவேலையை நேரில் பார்க்கிறார், பல நேரம் அங்கேயே வேலையும் அமைந்துவிடுகிறது.

சொந்தத் தொழில் தொடங்குவோருக்குத் தனி வழிகாட்டி வேண்டும். இங்கே ஒன்று மட்டும்: அதே தொழிலில் இன்னொருவரிடம் ஓர் ஆண்டாவது வேலை பார்க்காமல் பணிக்கொடையைக் கடையில் போடாதீர்கள்.

6. சுயவிவரத்தைச் சிவில் மொழியில் எழுதுங்கள்

இரண்டு பக்கம் போதும். படிப்பவர் உங்கள் விவரத்தில் அரை நிமிடம் செலவழித்தால் அதிகம். அவருக்குப் படைப்பிரிவுகளின் சுருக்கப் பெயர்கள் தெரியாது, ஸ்டாஃப் சார்ஜன் என்றால் எத்தனை பேருக்குப் பொறுப்பு என்பதும் தெரியாது.

ஒரு பொருட்கிடங்குப் பொறுப்பாளரின் சுயவிவரம் பெரும்பாலும் இப்படித்தான் என் கைக்கு வரும்: “குவாட்டர்மாஸ்டர் ஸ்டோர் பொறுப்பு. மேலிடம் கொடுத்த கட்டளைகள் அனைத்தையும் சிறப்பாக நிறைவேற்றினேன்.” அதை இப்படி மாற்றுவோம்: “கிடங்கு மேற்பார்வையாளர். ஆறு பேர் கொண்ட குழு. உதிரிபாகம், உடுப்பு, கூடாரம் ஆகியவற்றின் வரவு செலவு, மாத இருப்புக் கணக்கெடுப்பு. ஆண்டுத் தணிக்கைக்கு ஆவணங்களைத் தயாரித்தேன்.” ஆள் அவரேதான், செய்ததும் அதே வேலைதான். இரண்டாவதைப் படிக்கும் மேலாளருக்கு மட்டும் இவரை எந்த நாற்காலியில் உட்கார வைக்கலாம் என்று தெரிகிறது.

எண்ணிக்கைகளை ஊதிப் பெருக்காதீர்கள். நேர்காணலில் கேட்டால் விளக்கத் தெரிய வேண்டும். இன்னொன்று: 1972-ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டம் நீங்கள் வெளியேறிய பிறகும் உங்களைக் கட்டுப்படுத்தும். ஆயுத எண்ணிக்கை, தள அமைப்பு, நடவடிக்கை விவரம் எதுவும் சுயவிவரத்தில் வரக் கூடாது. எழுதலாமா என்று சந்தேகம் வந்தால் விட்டுவிடுங்கள்.

7. ஆட்களிடம் கேளுங்கள்

இணையத்தில் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பது மட்டும் போதாது. உங்களுக்கு முன் வெளியேறி, நீங்கள் விரும்பும் துறையில் இப்போது இருப்பவர்களைத் தேடுங்கள். படைவீரர் சங்கங்கள், பழைய பிரிவின் வாட்ஸ்அப் குழு, கோயில் நிர்வாகத்தினர், பிள்ளைகளின் பள்ளிப் பெற்றோர் சங்கம் எல்லாம் கதவுகள்தாம்.

“அண்ணா, எனக்கு ஒரு வேலை பார்த்துக் கொடுங்கள்” என்று கேட்டால் அவர் சங்கடப்படுவார், பார்க்கிறேன் தம்பி என்பதோடு பேச்சு முடியும். “அண்ணா, உங்கள் கம்பெனியில் சார்ஜ்மேனுக்கு என்ன சான்றிதழ் கேட்கிறார்கள்? யாருக்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டும்?” என்று கேளுங்கள். பதில் சொல்லக்கூடிய கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

வேலைக்கு முன்பணம் கேட்பவரிடமும், உங்கள் வங்கி அட்டையைக் கேட்பவரிடமும் பேச்சை அத்தோடு நிறுத்துங்கள். பிறருடைய பணம் உங்கள் கணக்கு வழியாகப் போனால் வழக்கு உங்கள்மீது வரும்.

8. நேர்காணலில் “நான்” என்று சொல்லப் பழகுங்கள்

பட்டர்வொர்த்தில் ஒரு ஸ்டாஃப் சார்ஜன் வீட்டில், ஐந்தாம் படிவம் படிக்கும் மகளைக் கேள்வி கேட்க வைத்துப் பயிற்சி செய்தோம். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே வரியில் பதில் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் தாளைக் கீழே வைத்துவிட்டாள். “அப்பா, எல்லாவற்றுக்கும் ‘நாங்கள் செய்தோம்’ என்றே சொல்கிறீர்கள். நீங்கள் எதைச் செய்தீர்கள்?”

படையில் “நாங்கள்” என்பது பண்பு. நேர்காணலில் அது உங்கள் உழைப்பை மறைத்துவிடுகிறது. நான்கு நிகழ்வுகளைத் தயார் செய்யுங்கள்: ஒரு பழுது, ஒரு தகராறு, ஓர் அவசரம், நீங்கள் பயிற்றுவித்த ஓர் இளைஞர். ஒவ்வொன்றிலும் நிலைமை என்ன, நீங்கள் செய்தது என்ன, முடிவு என்ன என்று இரண்டு நிமிடத்தில் சொல்லப் பழகுங்கள். மலாயில் சரளமாக வரும். தனியார் நிறுவனங்கள் பலவற்றில் ஆங்கிலத்தில் கேட்பார்கள் என்பதால் ஆங்கிலத்திலும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மனத்துக்குள் சொல்லிக்கொள்வது பயிற்சி ஆகாது.

உங்களைவிடப் பதினைந்து வயது இளையவர் நேர்காணல் நடத்தலாம், பிறகு அவரே உங்கள் மேலாளராகவும் வரலாம். “இளையவரின் கீழ் வேலை செய்வீர்களா?” என்ற கேள்வி நிச்சயம் வரும். புதிதாக வந்த இளம் லெஃப்டினன்டின் கீழ் மூத்த சார்ஜன் பணியாற்றுவது படையில் அன்றாட நடப்பு. அதையே பதிலாகச் சொல்லுங்கள்.

9. சம்பளத்தைக் கைக்கு வரும் தொகையாகக் கணக்கிடுங்கள்

3,000 ரிங்கிட் சம்பளம் என்றால் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 330 ரிங்கிட் போகும். சொக்சோவும் வேலையின்மைக் காப்புறுதியும் கழிந்தால் கைக்குச் சுமார் 2,650 ரிங்கிட் வரும். படையில் கிடைத்த குடியிருப்பு, படித்தொகைகள், மருத்துவம் ஆகியவற்றின் மதிப்பையும் வைத்து ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். அதேவேளை, ஐயாயிரம் ரிங்கிட் வரையிலான சம்பளத்துக்கு முதலாளி தம் பங்காக 13 விழுக்காடு சேமநிதியில் போடுகிறார். அதையும் கணக்கில் சேருங்கள்.

“பென்ஷன் வருகிறதே, கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமே” என்று சிலர் கேட்பார்கள். பென்ஷன் நீங்கள் ஏற்கனவே செய்த வேலைக்கான கூலி. இந்த வேலைக்கான கூலி வேறு. பணிவாக, ஆனால் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தில் பாருங்கள்: நேரடி வேலையா, குத்தகையாளர் மூலமா? சோதனைக் காலம் எத்தனை மாதம்? ஷிஃப்ட் எத்தனை மணி நேரம்? குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். வேலைவாய்ப்புச் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வரம்பு. மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத சம்பளம் வாங்குபவருக்கு அதற்கு மேல் மிகைநேர ஊதியம் உண்டு, சாதாரண நாளில் ஒன்றரை மடங்கு. ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்க ஒருநாள் அவகாசம் கேளுங்கள். கொடுக்க மறுப்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

10. சேர்ந்த பிறகு முதல் ஆறு மாதம்

கட்டளை வரும் என்று காத்திருக்காதீர்கள். தனியார் நிறுவனத்தில் பலர் எதையும் தெளிவாகச் சொல்ல மாட்டார்கள், போய்க் கேட்க வேண்டும். குரலையும் கொஞ்சம் தாழ்த்திக்கொள்ளுங்கள். அணிவகுப்புத் திடலுக்கு ஏற்ற குரல் அலுவலகத்தில் அதட்டலாகக் கேட்கும், புகாராகவும் மாறும்.

பணி உறுதிக் கடிதம் கைக்கு வரும் வரை மற்ற விண்ணப்பங்களை மூடிவிடாதீர்கள், புதிய கடன் எதுவும் எடுக்காதீர்கள்.

சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். உங்களில் பலருக்குச் சேமநிதிக் கணக்கே இப்போதுதான் முதன்முறையாகத் தொடங்குகிறது. ஒரு மாதச் சந்தாவை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் முதலாளி செலுத்த வேண்டும். ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதிக்குப் பிறகு சேமநிதியின் இணையக் கணக்கான ஐ-அக்காவுனில் பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் முதலில் சம்பளப் பிரிவில் கேளுங்கள். அடுத்த மாதமும் வராவிட்டால் சம்பளச் சீட்டுகளோடு சேமநிதி வாரியக் கிளைக்கே போய்ப் புகார் கொடுங்கள்.